சாண்ட்பர்க் குடும்பமும் அமெரிக்கக் குடிமதிப்பு ஏடுகளும்

ஒருவர் வரலாற்றை ஆராய்வார்க்கு முதற்கண் வேண்டுவது, ஏட்டில் காணும் பெயர் அவரைத்தான் குறிக்கின்றது என்னும் உறுதியாகும். சங்கத் தொகை நூல்களிற் பயின்றார் இவ்வுறுதியைப் பெறுதல் எத்துணை அரிதென்பதை நன்கறிவர். நக்கீரர் ஒருவரா பலரா, ஔவையார் எத்துணையர் என்னும் வினாக்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என ஊரும் தந்தையும் சேர்த்துச் சொல்லப்பட்ட இடத்தும் ஐயம் எஞ்சியே நிற்கின்றது. இவ்விடர்ப்பாடு பல்லாயிரம் குடும்பங்களை ஒருங்கே சூழ்ந்து கிடக்கும் துறையொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவீடனிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் குடியேறியோர் வரலாறே அது. அங்கு ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் தலையாய கருவி, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பெற்ற குடிமதிப்பு ஏடு.

அக்கருவியின் ஆற்றலையும் குறையையும் ஒரு குடும்பத்தின்மேல் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கெனக் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்கின் பெற்றோர் குடும்பத்தைத் தேர்ந்து கொண்டோம். காரணம் எளிது. 1953இல் அவர் தம் இளமை வரலாற்றை 'ஆல்வேஸ் தி யங் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்னும் நூலாக எழுதி வெளியிட்டார். ஏடு சொல்லுவதையும் சொல்லாது விடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு அந்நூல் உரைகல்லாகின்றது. ஏட்டுப் பதிவுகளை எடுத்து அடுக்குதல் நம் கருத்தன்று. எந்த ஏடு எதனைக் கூறவல்லது, எதனைக் கூறமாட்டாது என்பதே இங்கு வினா.

குடும்பச் செய்தி வருமாறு: தந்தை ஆகஸ்ட் சாண்ட்பர்க், தாய் கிளாரா. இருவரும் சுவீடனில் ஓஸ்டெர்யோட்லாந்துப் பகுதியினர். தனித்தனியே கடல் கடந்து வந்து, இல்லினாய் மாநிலத்திற் சந்தித்து, 1874இல் மணந்துகொண்டனர். கேல்ஸ்பர்க் என்னும் ஊரில், சிகாகோ-பர்லிங்டன்-குவின்சி இருப்புப்பாதை நிறுவனத்தின் கொல்லுலையில் ஆகஸ்ட் வேலை பார்த்தார். மேரி, கார்ல், மார்ட், எமில், எஸ்தர், பிரெட், மார்த்தா என மக்கள் எழுவர். இரண்டாம் மகவாகிய கார்ல் 1878 சனவரி 6ஆம் நாள் பிறந்தவர்.

இனிப் பெயரைப் பற்றி. சுவீடனின் நாட்டுப்புறத்தார்க்கு அக்காலத்தே குடிப்பெயர் பெரும்பாலும் இல்லை. ஆண்டெர்ஸ் என்பானுக்கு மகன் பிறந்து யோகான் எனப் பெயர் பெற்றால், அவன் யோகான் ஆண்டெர்சன்; ஆண்டெர்ஸின் மகன் என்பது பொருள். அந்த யோகானுக்குக் கிறித்தினா என்னும் மகள் பிறப்பின், அவள் கிறித்தினா யோகான்ஸ்டாட்டர். யோகானின் மகள் என்க. தலைமுறைதோறும் பின்பெயர் மாறும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே தாங்கி வாழும் நமக்கு இம்முறை வியப்பளிப்பதன்று. பின்பெயர் தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்பதே இயல்பெனக் கருதிய அமெரிக்க எழுத்தர்க்கு அது பெருங்குழப்பமாயிற்று. பெண்டிர் சுவீடனில் மணத்தின் பின்னரும் தம் தந்தை பெயரையே தாங்கினர். அமெரிக்காவிலோ கணவன் பின்பெயருள் மறைந்து போயினர். படைவீரர்க்குப் படைப்பிரிவிலேயே தனிப்பெயர் சூட்டும் வழக்கமும் அந்நாட்டில் இருந்தது. அதனால் உடன்பிறந்தார் இருவர் இருவேறு பின்பெயர் தாங்கி ஒரே கப்பலில் வந்திறங்குதல் அரிதன்று. சுவீடனில் நிலையான குடிப்பெயரை வலியுறுத்தும் ஆணை 1901இல்தான் வந்தது.

சாண்ட்பர்க் என்பதும் ஆகஸ்டின் பிறப்புப் பெயரன்று. முன்பிருந்த பெயர் டேனியல்சன் என்றும் சான்சன் என்றும் இருவேறாகச் சொல்லப்படுகின்றது. வேலையிடத்தில் அதே பெயர் தாங்கியோர் பலராக இருந்தமையாற் குழப்பம் நேர, அவர் புதுப்பெயர் பூண்டார் என்பர். அவர் சுவீடிய மொழியில் விவிலியம் படிக்க வல்லவர். ஆயின் எழுத அறியார், கையெழுத்திற்கு மாறாகக் கீறல் இடுபவர். எனவே கணக்கெடுப்பவர் வாயிலில் நின்று பெயர் கேட்டபோது, எழுத்துக்கூட்டிச் சொல்லும் பொறுப்பு வீட்டாரிடத்திலன்றிக் கேட்பவர் காதிலேயே இருந்தது என்பதை மறத்தலாகாது. மகனும் இளமையிற் கார்ல் என்பதை விடுத்துச் சார்லஸ் என்றே தம்மை வழங்கிக்கொண்டார். பழைய பெயருக்கு மீண்டது மணவாழ்க்கை தொடங்கிய காலத்தில்தான். ஒரே இல்லத்தில் தந்தை, மகன் ஆகிய இருவர் பெயரும் இவ்வாறு நிலையற்றிருப்பின், பெயரை மட்டும் பற்றிக்கொண்டு தேடுவார் எங்ஙனம் கரையேறுவர்?

இவ்விடரை ஓரளவு தணிக்கவே ஒலிக்குறி அடைவு தோன்றியது. சவுண்டெக்ஸ் என்னும் அம்முறைக்கு 1918இல் இராபர்ட் இரசல் என்பார் காப்புரிமை பெற்றார். 1935இல் அமெரிக்காவிற் சமூகக் காப்புச் சட்டம் வந்தபோது, பிறப்புச் சான்று இல்லாத முதியோர் தம் வயதை மெய்ப்பிக்கப் பழைய ஏடுகளை நாடவேண்டியதாயிற்று. அதன்பொருட்டு அவ்வேடுகட்கு இம்முறையில் அட்டை அடைவு செய்யப்பெற்றது. பின்பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிர்களை நீக்கி, ஒத்த ஒலியுடைய மெய்களுக்கு ஒரே எண் தருவது இதன் இயல்பு. யோகான்சன், யான்சன், சான்சன் ஆகிய மூன்றும் உரோமன் எழுத்தில் 'ஜே' என்னும் ஒரே முதலெழுத்தை உடையன. ஆதலின் மூன்றும் 'ஜே 525' என்னும் ஒரே குறியின்கீழ் அடங்கும். சாண்ட்பெர்க், சாண்ட்பர்க் இரண்டும் 'எஸ் 531'. இஃது அறிவார்ந்த முறையே. ஆயினும் முதலெழுத்து மாறினால் இதுவும் கைவிட்டுவிடும். சுவீடியர் 'கே' எழுத்தால் தொடங்கும் கார்ல்சன் என்னும் பெயரை அமெரிக்க எழுத்தர் 'சி' எழுத்தால் தொடங்கினாராயின், ஒரு குடும்பம் இரண்டு பெட்டிகளிற் பிரிந்து கிடக்கும். இற்றை நாள் கணிப்பொறித் தேடலும் இவ்விடர்க்கு முற்றும் தப்பியதன்று.

பெயரை விடுத்து வேறு எதனைப் பற்றுவது? ஏடுகளின் பத்திகளை நோக்குவோம். முதற் குடிமதிப்பு 1790இல் எடுக்கப்பெற்றது. 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதினர். அடிமையல்லாதார் ஒவ்வொருவர் பெயரும் இடம்பெற்றது 1850 முதல். பிறந்த நாடும் அப்போதே சேர்ந்தது. 1880இல் தலைவர்க்கு இன்னார் என்ன முறை என்பதும், தந்தை தாயர் பிறந்த இடங்களும் சேர்க்கப்பட்டன. 1900ஆம் ஆண்டு ஏடோ எல்லாவற்றினும் விரிவுடைத்து. பிறந்த திங்களும் ஆண்டும், மணமாகிக் கழிந்த ஆண்டுகள், நாட்டிற்கு வந்த ஆண்டு, குடியுரிமை பெற்றமை ஆகிய அனைத்தையும் அது வினவுகின்றது. 1910 முதல் தாய்மொழிச் செய்தி வருகின்றது; பின்லாந்திற் பிறந்து சுவீடிய மொழி பேசினோரைப் பிரித்தறிய இஃதொன்றே வழி. எழுபத்திரண்டு ஆண்டு கழிந்த பின்னரே தனியார் பெயர் தாங்கிய ஏடுகள் திறக்கப்படும் என்பது விதி. அவ்வாறே 1950ஆம் ஆண்டு ஏடு 2022இல் திறக்கப்பெற்றது.

ஆகஸ்டும் கிளாராவும் 1874இல் மணந்தமையின், அவ்விருவரையும் ஒரே இல்லத்திற் காட்டவல்ல முதற் குடிமதிப்பு 1880ஆம் ஆண்டினது. 1870ஆம் ஆண்டு ஏட்டில் ஆகஸ்டைத் தேடுதல், சுவீடனிற் பிறந்த தனியாள் பலருள் யாரோ ஒருவரைச் சுட்டுவதாகவே முடியும். இதனை நாம் ஏற்கமாட்டோம். 1880இலோ நிலைமை வேறு. இல்லினாயிற் பிறந்த ஐந்தகவைச் சிறுமி, ஈரகவைச் சிறுவன், சுவீடனிற் பிறந்த பெற்றோர், இருப்புப்பாதைக் கொல்லுலைத் தொழில், கேல்ஸ்பர்க் ஊர் ஆகிய இத்தனையும் ஓரிடத்திற் பொருந்துமாயின், பின்பெயர் எவ்வாறு சிதைந்திருப்பினும் அக்குடும்பம் இதுவே எனத் துணியலாம். தனி ஒருவரைத் தேடாது குடும்பத்தைத் தேடுக என்று இத்துறையினர் கூறுவது இதுபற்றியே. வயது ஓரிரண்டு ஆண்டு பிறழும். கடல் கடந்து வந்த ஆண்டு ஒவ்வோர் ஏட்டிலும் வெவ்வேறாக வரும். ஆயின் மக்கள் பிறந்த வரிசை அத்துணை எளிதிற் பிறழ்வதில்லை. விடை சொன்னவர் வீட்டாரா, அண்டை வீட்டாரா என்பதும் நமக்குத் தெரியாது. சொன்னவரைக் குறியிட்டுக் காட்டும் வழக்கம் 1940இல்தான் தொடங்கிற்று.

கடலுக்கு அப்பாற் செல்லக் குடிமதிப்பு உதவாது. 'சுவீடன்' என்னும் ஒரு சொல்லோடு அது நின்றுவிடும். எந்தப் பங்கு என்பதைக் கூறாது. ஆங்கோ எல்லாம் பங்குவாரியாகவே எழுதப்பட்டுள்ளன. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, பங்குக் குரு குடிமக்களை இல்லந்தோறும் தேர்வு செய்து, படிப்பும் சமய அறிவும் எத்தகைய என்று ஏட்டிற் பொறித்தார். அவ்வில்லத் தேர்வேடுகளில் ஒவ்வொருவர் பிறந்த நாளும், வந்த ஊரும், பெயர்ந்து சென்ற இடமும் காணலாம். ஐரோப்பாவில் இதற்கு ஈடான மக்கட் பதிவுகள் மிகச் சிலவே. ஆயினும் பங்கின் பெயர் அறியாதவர்க்கு அக்கருவூலம் பூட்டிய கதவு. சாண்ட்பர்க் குடும்பத்தைப் பொறுத்தவரை, ஓஸ்பு, ஆப்புனா என்னும் பங்குகளின் பெயரை மகன் எழுதிய நூலே தருகின்றது. பிற குடும்பத்தார் அமெரிக்காவிலிருந்த சுவீடிய லூதரன் சபைகளின் பதிவேடுகளையே நாடவேண்டும். அச்சபைக் குருமார் தாய்நாட்டு மரபை விடாது, உறுப்பினர் பிறந்த பங்கையும் பலவிடத்துக் குறித்து வைத்தனர். அவற்றின் நுண்படங்களை இல்லினாயின் இராக் ஐலண்டு நகரில் அகஸ்டானா கல்லூரியைச் சார்ந்த சுவென்சன் ஆய்வு நடுவம் திரட்டி வைத்துள்ளது.

இனி, ஏடு இழந்ததைக் கூறவேண்டும். 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஆறு கோடியே இருபத்தொன்பது இலட்சம் மக்கள் கணக்கிடப்பட்டனர். அவ்வேடுகள் வாசிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் நிலவறையில், காப்பறைக்கு வெளியே அடுக்கப்பட்டிருந்தன. 1921 சனவரி 10ஆம் நாள் அங்குத் தீப்பற்றியது. தீயில் தப்பியவற்றை அதனை அணைத்த நீர் கெடுத்தது. எஞ்சியவற்றையேனும் காவாது, பின்னர் 1933இல் இசைவு பெற்று அழித்தும் விட்டனர். இன்று அதில் நமக்குக் கிடைப்பன ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்களே. தீ செய்த கேட்டினும் அவ்விசைவு செய்த கேடு பெரிதென்பது நம் கருத்து.

இவ்விழப்பு சாண்ட்பர்க் குடும்பத்தில் எவ்விடத்தைத் தாக்குகின்றது என்று பார்ப்போம். எமில் பிறந்தது 1885இல். பிரெட் பிறந்தது 1890இல். 1892இல் தொண்டை அடைப்பான் நோய் அவ்வில்லத்திற் புகுந்தது. ஏழகவை எமிலும் ஈரகவை பிரெட்டும் மாண்டனர். 1880ஆம் ஆண்டு ஏடு எழுதப்பட்டபோது இவ்விருவரும் பிறக்கவில்லை. 1900ஆம் ஆண்டு ஏடு எழுதப்பட்டபோது இவர்கள் உயிரோடு இல்லை. எமிலின் பெயரை எழுதியிருக்கக் கூடிய நாட்டுக் குடிமதிப்பு 1890ஆம் ஆண்டினது ஒன்றே. கணக்கெடுப்பு நாளுக்கு முன்பே பிறந்திருப்பின் பிரெட்டின் பெயரும் அதிலேயே இருந்திருக்கும். மின்னசோட்டா, ஐயோவா போன்ற மாநிலங்கள் இடையாண்டுகளில் தாமே கணக்கெடுத்தன. ஆதலின் ஆங்குள்ள குடும்பங்கட்கு 1885ஆம் ஆண்டு ஏடும் 1895ஆம் ஆண்டு ஏடும் ஓரளவு துணை செய்யும். இல்லினாயில் அக்காலத்து அத்தகைய மாநிலக் கணக்கு இல்லை.

ஆயினும் 1900ஆம் ஆண்டு ஏட்டில் ஒரு சிறு பத்தி உண்டு. மணமான பெண்டிரிடம் இருவினா கேட்டனர்: ஈன்ற மக்கள் எத்துணையர், உயிரோடிருப்பார் எத்துணையர்? 1890இலும் இவ்வினா உண்டெனினும் அவ்வேடு நமக்கு எஞ்சவில்லை. கிளாராவின் விடை ஏழு, ஐந்து என்றிருத்தல் வேண்டும். வயது வரிசையையும் உடன் நோக்குவோம். மார்ட் 1880இலும் எஸ்தர் 1888இலும் மார்த்தா 1893இலும் பிறந்தோர். ஆகவே மார்ட்டிற்கும் எஸ்தருக்கும் இடையே எட்டாண்டும், எஸ்தருக்கும் மார்த்தாவிற்கும் இடையே ஐந்தாண்டும் வெறுமையாகக் கிடக்கும். இழந்த மக்கள் இருவர் அவ்விடைவெளிகளுக்கு உரியர் என ஊகித்தல் இயலும். ஆயின் இடைவெளிக்கு ஒருவரா, ஒரே இடைவெளியில் இருவருமா? ஆணா, பெண்ணா? இதனை அப்பத்தி கூறாது. எமில், பிரெட் என்னும் பெயர்களை நாம் அறிவது, அவர்தம் தமையனார் அறுபத்தோராண்டின் பின்னர் அந்நோயையும் அச்சாவையும் எழுதி வைத்தமையால். எழுதும் தமையன் இல்லாத இல்லங்களில், சபைப் பதிவேட்டின் இறப்புப் பக்கமே அதனைக் கூறவேண்டும். ஆதலின் 1900ஆம் ஆண்டு ஏட்டைப் படியெடுப்போர் பெயரும் வயதும் கண்ட அளவில் நின்றுவிடாது, அவ்விரண்டு எண்களையும் தவறாது குறித்துக்கொள்ளல் வேண்டும். பெயரடைவு அட்டைகளில் அவை இடம்பெறா.