ஊர் தைத்த எழுத்து

புதிய உலகம் காண வந்தவர்கள் முதல் வேலையாக இடுகாட்டுக்கும் சிறைக்கும் இடம் ஒதுக்கினார்கள் என்றுதான் நத்தானியல் ஹாதோர்ன் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) கதையைத் தொடங்குகிறார். 1640களின் பாஸ்டன். பியூரிட்டன்களுக்குப் பாவமும் குற்றமும் வேறுவேறல்ல. முறைதவறிப் பிள்ளை பெற்றாள் என்று ஹெஸ்டர் பிரின்னின் மார்பில் 'ஏ' என்ற சிவப்பு எழுத்து ஏறுகிறது: அடல்ட்ரி. பிள்ளையின் தகப்பனான பாதிரி டிம்ஸ்டேலோ பிரசங்க மேடையிலேயே இருக்கிறார்.

இதை வெறும் போலித்தனத்தின் கதை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் விஷயம் அதுமட்டுமில்லை. எழுத்தை அணியச்சொல்ல அதிகாரத்தால் முடிகிறது. அர்த்தத்தைக் கட்டிப்போட முடியவில்லை. ஹெஸ்டர் அதைத் தங்க நூலால் அலங்கரிக்கிறாள். நோயாளிகளுக்குத் துணை நிற்கிறாள். 'ஏ' என்றால் 'ஏபிள்', திறமுள்ளவள் என்று ஊர்க்காரர்களே வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

ஹாதோர்னின் முன்னோர் ஒருவர் 1692இல் சேலம் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதி. அந்த வெட்கம் நாவலின் முகப்புப் பகுதியிலேயே இருக்கிறது.

கடல்கடந்து போன ஹெஸ்டர் கடைசியில் திரும்பிவந்து, யாரும் சொல்லாமலே அந்த எழுத்தை மறுபடி அணிகிறாள். அடங்கிப்போய்விட்டாள் என்பார்கள். ஆனால் மனமுடைந்த பெண்கள் யோசனை கேட்டு வருவது அவள் குடிசைக்குத்தான். இதை ஊர் தந்த மன்னிப்பாக வாசிப்பவர்கள் இன்னமும் தீர்ப்பு எழுதியவர்கள் பக்கம்தான் நிற்கிறார்கள்.