வீட்டுக் கணக்கு மீளும் வழி – 6: பயிற்சி நாட்களிலும் நிற்காத தவணை

சரிந்துபோன ஒரு குடும்பத்தின் பொருளாதாரத்தை மறுபடியும் நிலைநிறுத்தத் தொழிற்பயிற்சி ஒன்றே போதும் என்ற எண்ணம் அரசுத் திட்டங்களில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. பயிற்சி பெற்றவர் எத்தனை பேர், சான்றிதழ் வாங்கியவர் எத்தனை பேர், வேலையில் அமர்ந்தவர் எத்தனை பேர் என்ற வரிசையில்தான் வெற்றி அளக்கப்படுகிறது. வகுப்பில் வந்து அமர்ந்தவரின் தலைமேல் அன்று எவ்வளவு கடன் இருந்தது, அந்தக் கடனின் தவணை எந்தக் கிழமையில் வந்து நின்றது என்ற கேள்வி அவ்வளவு எளிதில் எழுவதில்லை. தொழில் கற்பித்தலும் பணத்தைக் கையாளக் கற்பித்தலும் தனித்தனித் துறைகளின் தனித்தனிப் பணிகளாக நடக்கும்வரை இரண்டுமே பாதிப் பயனைத்தான் தரும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்தின் ஒலக்கூர் ஒன்றியமும் அதைச் சூழ்ந்த திண்டிவனம் வட்டாரமும் பொருத்தமான களம்.

திண்டிவனத்துக்கு வடக்கே, சென்னை–விழுப்புரம் இருப்புப் பாதையில் ஒரு நிலையமாகவும் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊராகவும் இருக்கும் ஒலக்கூர், பயணிகளுக்குச் சென்னைக்கு அருகில் இருப்பதாகத் தோன்றினாலும், அதன் கிராமங்களின் வாழ்க்கை ஏரிப் பாசன நெல்லையும் மானாவாரி மணிலாவையும் (நிலக்கடலை) கூலி வேலையையும் நம்பியே நடக்கிறது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரக மணிலாக்கள் திண்டிவனத்தின் பெயர்ச் சுருக்கத்தையே தாங்கி நாடு முழுவதும் சென்றன. ஆயினும் நிலமில்லாத குடும்பத்துக்கு மணிலா தருவது களை எடுக்கும் சில நாட்களும் பிடுங்கி ஆயும் சில நாட்களும்தான். எஞ்சிய நாட்களை நூறு நாள் வேலையும் (2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய்) கட்டட வேலையும் செங்கல் சூளையும் பங்கிட்டுக்கொள்கின்றன.

இப்படிப்பட்ட வருமானத்தின் முதன்மைக் குறை அது சிறியது என்பதைவிட, அது விட்டுவிட்டு வருகிறது என்பதே. வரவு விட்டுவிட்டு வர, செலவு நாள்தோறும் வருவதால், இடைவெளியைக் கடன் நிரப்புகிறது. இயற்கைச் சீற்றம் வரும்போது அந்த இடைவெளி பள்ளமாகிவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு அரசு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்தத் தொகை அடுப்பு எரிய உதவியிருக்கும். நனைந்த விதையையும் செத்த ஆட்டையும் இழந்த கூலி நாட்களையும் ஈடுசெய்யும் அளவினதன்று.

அந்தப் பள்ளத்தை நிரப்ப வரும் கடன்களில் மிக எளிதாகக் கிடைப்பது தண்டல். கந்துவட்டித் தடைச் சட்டம் என்று பரவலாக அறியப்படும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே வரையறுக்கிறது. வழக்கமான தண்டலில் 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள்; வாங்கியவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாட்கள் கட்ட வேண்டும். பதினைந்து விழுக்காடுதானே என்று தோன்றும் இக்கணக்கில் ஒரு மறைவு இருக்கிறது. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், கடன்பட்டவர் கையில் 8,500 ரூபாய் முழுமையாக நூறு நாளும் இருப்பதில்லை. சராசரியாக அதில் பாதியளவே இருக்கிறது. குறைந்துவரும் நிலுவையை வைத்துக் கணக்கிட்டால் வட்டி மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாயை ஒட்டி வருகிறது. “பத்து வட்டிக்கு வாங்காதே” என்று மகளைத் தடுக்கும் தாயே தண்டல் வாங்குவதற்குக் காரணம், அதுவும் பத்து வட்டிதான் என்பதை அந்த நூறு ரூபாய்த் தவணை மறைத்துவிடுவதுதான்.

இந்தப் பின்னணியோடுதான் தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் உஜிரேயில் 1982ஆம் ஆண்டு தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய ரூட்செட்டி என்ற பயிற்சி நிலையம், வேலையற்ற கிராம இளைஞர்களைத் தங்கவைத்து உணவளித்துக் கட்டணமின்றித் தொழில் கற்பித்தது. அதன் வெற்றியைக் கண்ட மத்திய அரசு, மாவட்டத்துக்கு ஒன்றாக ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை வங்கிகள் நடத்தும் ஏற்பாட்டை 2009 முதல் நாடெங்கும் விரித்தது. விழுப்புரத்தில் அந்தப் பொறுப்பு இந்தியன் வங்கியினுடையது. கறவை மாடு வளர்ப்புக்குப் பத்து நாட்கள், தையலுக்கும் கைபேசி பழுதுநீக்கத்துக்கும் முப்பது நாட்கள் என்று வகுப்புகள் அமைகின்றன. பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டுகள் பயிற்சி பெற்றவரைப் பின்தொடர்ந்து வழிகாட்ட வேண்டும் என்பதும் இத்திட்டத்தின் விதி. இந்த விதியே அதன் மிகப் பெரிய பலம் என்று சொல்லத் தகும். தொழிற்சாலை வேலையை நாடுவோருக்கு 2014இல் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனா இருக்கிறது. திண்டிவனம் சிப்காட்டில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் 400 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்துகொண்டதை எண்ணும்போது அத்தகைய பயிற்சிக்கு உள்ளூரிலேயே தேவை பெருகும் என்று எதிர்பார்க்கலாம்.

பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்த முப்பது நாட்களின் கூலியும் இல்லை. எடுத்துக்காட்டாக ஒரு பெண்ணின் கணக்கை அமைத்துப் பார்க்கலாம். தையல் வகுப்பில் சேரும் நாளில் அவருக்குத் தண்டலில் இன்னும் ஐம்பது நாள், அதாவது 5,000 ரூபாய் பாக்கி. நுண்கடன் நிறுவனம் ஒன்றில் 24 விழுக்காடு வட்டியில் இரண்டாண்டுத் தவணையில் வாங்கிய 50,000 ரூபாய்க்கு மாதம் ஏறத்தாழ 2,640 ரூபாய். ஆக, வருமானம் நின்றுபோன அந்த ஒரு மாதத்தில் மட்டும் 5,640 ரூபாய் கட்ட வேண்டும். இப்பெண் பத்தாம் நாள் வகுப்பிலிருந்து நின்றுவிட்டால் அதற்கு ஆர்வக்குறைவு என்று பெயர் சூட்டுவது பெரும் அநீதி.

பண ஆலோசனை நுழைய வேண்டிய இடம் இதுவே. ரிசர்வ் வங்கி 2009இல் நிதிசார் கல்விக்கும் கடன் ஆலோசனைக்குமான மையங்களுக்கு ஒரு மாதிரித் திட்டத்தை வகுத்து, 2012இல் அதைத் திருத்தியது. முன்னோடி வங்கிகள் நடத்தும் நிதிசார் கல்வி மையங்கள் அவ்வழியில் வந்தவை. 2017 முதல் வட்டார அளவிலும் தொண்டு நிறுவனங்கள் வாயிலாக மையங்கள் அமைக்கப்பட்டன. ஊரக வாழ்வாதார இயக்கமும் மகளிர் குழுக்களிலிருந்தே நிதிசார் கல்விப் பயிற்றுநர்களை உருவாக்குகிறது. ஆலோசனை என்பதைச் சேமிப்பின் அருமையைச் சொல்லும் ஒருநாள் முகாமாகச் சுருக்கிவிடும்போதுதான் அது பயனற்றுப் போகிறது. சேமிக்கத் தெரியாததால் ஏழைகளானவர்கள் அல்லர் இம்மக்கள். வாரந்தோறும் குழுவில் சந்தா கட்டிப் பழகியவர்களுக்குச் சிக்கனத்தைப் போதிப்பது அவர்களை அறியாதவர் செய்யும் வேலை.

நல்ல ஆலோசகர் முதலில் கடன்களை நாள், கிழமை, வட்டி, மீதி என்று ஒரே தாளில் எழுதவைப்பார். மேற்சொன்ன பெண்ணின் தண்டல் பாக்கியைக் குழுவின் உள்கடனால், அதாவது உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்பிலிருந்து தரப்படும் கடனால், அடைக்கலாம். இரண்டு வட்டிக்கு 5,000 ரூபாய் எடுத்து மாதம் 500 ரூபாய் அசலாகப் பத்து மாதத்தில் திருப்பினால் மொத்த வட்டி 550 ரூபாய். தண்டல்காரர் வட்டியை முன்பே பிடித்துக்கொண்டுவிட்டதால், முன்கூட்டி அடைப்பதால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. எனவே இந்த 550 ரூபாய் வெளிப்படையான கூடுதல் செலவுதான். ஆயினும் பயிற்சி மாதத்தில் தண்டலுக்குக் கட்ட வேண்டிய 3,000 ரூபாய் 600 ரூபாயாகக் குறைகிறது. இங்கே 550 ரூபாய் கொடுத்து வாங்கப்படுவது காலம். வட்டி விகிதத்தை மட்டும் பார்க்கும் பாடப்புத்தகக் கல்வி இதைத் தவறு என்று சொல்லக்கூடும். குடும்பத்தின் நிலையில் நின்று பார்ப்பவருக்கு இது சரியான முடிவு, அடுத்த தண்டலை வாங்காதிருக்கும்வரை. மேலும் அந்த வட்டி குழுவின் நிதிக்கே திரும்புகிறது.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நுண்கடன் நெறிமுறைகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தின் மொத்தக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும் வகையில் புதுக்கடன் தரக்கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக்கூடாது. வசூலுக்கு வருபவர் முன் கூனி நிற்கும் பெண்ணுக்கு இந்த இரண்டு விதிகளைச் சொல்லிக்கொடுப்பது எந்தச் சேமிப்பு அறிவுரையையும்விட மேலானது. அதேபோல் வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் பிடிக்கப்படும் 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டுக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கும் ஒப்புதல் தந்தவர், மே மாத இறுதியில் கணக்கில் 456 ரூபாய் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்பதையும் யாராவது நினைவூட்ட வேண்டும். அந்த ஒரு வாரம் இருப்பு இல்லாமல் போனால் இரண்டு லட்ச ரூபாய்ப் பாதுகாப்பு நழுவிவிடும்.

செங்கல் சூளை முன்பணத்தில் சிக்கிய இருளர் பழங்குடிக் குடும்பங்களுக்கு இவையெல்லாம் இன்னும் கூர்மையான தேவை. முன்பணம் என்பது வேலைக்கு முன்பே தரப்பட்டு, உழைப்பால் என்றுமே கழியாத கணக்காக நீளும் தொகை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனைச் செல்லாததாக்கியது. திண்டிவனத்திலிருந்து இயங்கும் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இம்மக்களின் உரிமைகளுக்காகப் பல்லாண்டுகளாகப் போராடிவருகிறது. மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்க அரசுத் திட்டம் இடமளிக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் மெய்யூரில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ‘சிறகு’ என்ற பெயரில் தாமே சூளை நடத்தியது, இவர்களுக்குத் தொழில் கற்பிக்க வேண்டியதில்லை என்பதைக் காட்டியது. மண் பிசைவதையும் கல் அறுப்பதையும் அவர்களுக்குக் கற்பிக்கத் தகுந்தவர் எவருமில்லை. அவர்களிடம் இல்லாமலிருந்தது முதலும், விற்பனை வழியும், கணக்கும்.

செங்கல் சூளைப் பருவம் மழை ஓய்ந்தபின் தை முதல் ஆனி வரை நடக்கிறது. ஆனால் முகவர் முன்பணத்தோடு வீட்டு வாசலுக்கு வருவது அதற்கு முந்திய மழை மாதங்களில், வயலிலும் கட்டடத்திலும் வேலை இல்லாத ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே ஒலக்கூர் போன்ற ஒன்றியங்களில் பயிற்சி வகுப்பும் கடன் ஆலோசகரின் வருகையும் குழுவின் உள்கடனும் அந்த இரண்டு மாதங்களில் ஒன்றாக ஊருக்குள் வர வேண்டும்; தை பிறந்தபின் தொடங்கும் வகுப்புக்கு வர வேண்டியவர்கள் அதற்குள் குடும்பத்தோடு சூளைக்குப் போயிருப்பார்கள்.