குரல் கம்மல் நீடித்தால் நெஞ்சையும் பாருங்கள்



குரல் கம்மினால் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிச் சுக்குக் காப்பி குடிக்கிறோம். பெரும்பாலும் அது போதும். சளியால் வந்த கம்மல் ஒன்றிரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும். ஆனால் 3 வாரம் கடந்தும் குரல் திரும்பாவிட்டால், கோளாறு நெஞ்சுக்குள்ளும் இருக்கலாம். அது எப்படி என்று நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

குரல்நாண்களை அசைக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்கு வருவதில்லை. வேகஸ் என்னும் பெரிய நரம்போடு கழுத்து வழியாகக் கீழே இறங்கி, பிறகு பிரிந்து மேலே ஏறுகிறது. வலப்பக்க நரம்பு கழுத்தின் அடியிலேயே, வலது கைக்குச் செல்லும் தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். இடப்பக்க நரம்பு மேல் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் புகுந்து, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஏறிக் குரல்வளையை அடைகிறது. கருவில் இதயம் கழுத்தருகிலிருந்து நெஞ்சுக்கு இறங்கும்போது தமனிகள் இந்த நரம்பையும் இழுத்து வருவதால்தான் இந்தச் சுற்றுவழி.

யூனானி நூல்கள் ஜாலீனூஸ் என்று அழைக்கும் கேலன், 2ஆம் நூற்றாண்டிலேயே ரோம் நகரில் ஒரு விலங்கின் இந்த நரம்பைக் கட்டி, அதன் கத்தல் நின்றுபோவதைப் பலர் முன் காட்டினார்.

பாதை நீளமானதால் இடப்பக்கத்துக்கு ஆபத்து கூடுதல். நுரையீரல் புற்றுக்கட்டி, காசநோயால் வீங்கிய நெறிக்கட்டிகள், பெருந்தமனி வீக்கம் என எது நரம்பை அழுத்தினாலும் இடது குரல்நாண் அசையாமல் நின்றுவிடலாம். தொண்டையில் வலி இருக்காது. குரலில் காற்று கலந்து வரும். தண்ணீர் குடித்தால் புரையேறலாம்.

பாங்கு சொல்லும் மோதினார், பாடம் நடத்தும் உஸ்தாத், டவுன்ஹாலில் கூவி விற்கும் வியாபாரி ஆகியோர் 'தொழிலால் வந்த கம்மல்' என்று தள்ளிப்போடக் கூடாது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

திருச்சி சாலையிலுள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டு, குரல்நாண் அசைகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். அசையாவிட்டால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். காசநோய் என்றால் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மூச்சுத் திணறினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ 3 வாரம் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். துணைக்கு ஆள் இல்லையே என்று யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். நம் அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள், உடன் வருகிறோம்.