தை முடிவதற்குள் உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கா, அது ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைவது என்று சமவெளிக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஓசூரிலும் கோவையிலும் கொல்லையில் நான்கு அடி நிலம் இருந்தால் போதும், விளைவிக்கலாம். ஆனால், குறுகிய கால ரகமாக இருக்க வேண்டும்.

காரணம் இரவுக் குளிர். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் செடி தழைக்குமே தவிர, மண்ணுக்குள் கிழங்கு சரியாகத் திரளாது. நமக்கு அந்தக் குளிர் கிடைப்பது மார்கழி, தை மாதங்களில்தான். நான்கு மாத ரகத்தை நட்டால் கிழங்கு பருக்கும் நேரத்தில் வெயில் ஏறிவிடும். 1968-ல் வெளியான குஃப்ரி சந்திரமுகி, 1998-ல் வந்த குஃப்ரி புக்ராஜ் போன்றவை 70 முதல் 90 நாளில் வெட்டுக்கு வரும். நவம்பரில் நட்டால் தை முடிவதற்குள் தோண்டலாம்.

அந்த நாள்களிலும் இரண்டு வாரம் மிச்சம் பிடிக்க வழியிருக்கிறது. நடுவதற்கு முன்பே முளைகட்டிவிட வேண்டும். முட்டை அளவுள்ள விதைக்கிழங்குகளைக் கண் மேலே பார்க்க, தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இருட்டில் வைத்தால் முளை வெளுத்து நீண்டு, கை பட்டாலே ஒடியும். வெளிச்சத்தில் வந்த முளை குட்டையாக, தடிமனாக இருக்கும். அரை அங்குலம் வளர்ந்ததும் நடலாம். புதிதாகத் தோண்டிய கிழங்கு சில வாரம் உறக்கத்தில் இருக்கும், அதுவரை தானாக முளைக்காது.

தக்காளி, கத்தரி இருந்த பாத்தி வேண்டாம். ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. சாண் இடைவெளி விட்டு நட்டு, ஒரு மாதத்தில் மண் அணைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகும். அதில் சொலனின் என்ற நச்சு சேரும், உண்ணக் கூடாது.

விதைக்கிழங்கைச் சான்று பெற்றதாகவே வாங்குங்கள். ஊட்டிக்குப் போய்வரும்போது அங்கிருந்து விதைக்கென்று எடுத்து வராதீர்கள். முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்டது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வந்துவிட்டால், அதன் முட்டைக்கூடுகள் பல ஆண்டுகள் நிலத்தில் உயிரோடு கிடக்கும்.