தலைகீழ் எஞ்சினில் எரிபொருள் தேங்காதிருக்க

1951-ஆம் ஆண்டில் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தை நம்மில் பலர் படத்திலேனும் கண்டிருப்போம். டாக்டர் காட்டகே அவர்கள் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வடிவமைத்த விமானம் அது. அதன் மூக்கினுள் அமைந்த சிர்ரஸ் மேஜர் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். நான்கும் சுழல்தண்டுக்கு மேலே நிற்காமல் கீழ்நோக்கித் தொங்குவன. டைகர் மாத் விமானத்தின் ஜிப்ஸி மேஜர் எஞ்சினும் இவ்வகையினதே. சிலிண்டர்கள் கீழே போவதால் விமானத்தின் மூக்கு தாழ்ந்து விமானிக்கு முன்புறம் நன்றாகத் தெரிகிறது. புரொப்பெல்லரின் அச்சு உயர்ந்து அதன் நுனி தரையில் படாமல் தப்புகிறது.

இத்தகைய விமானங்களை அளவு மாறாமல் சிறு மாதிரியாகச் செய்ய முற்படுவோர் தம் சிறு எஞ்சினையும் தலைகீழாகவே பொருத்த நேர்கிறது. நிமிர்த்திப் பொருத்தினால் சிலிண்டர் மூக்கின் மேலே கொண்டை போலத் துருத்தி நின்று மாதிரியின் அழகைக் குலைத்துவிடும். ஆனால் தலைகீழாக்கியதும் புதியதொரு தொல்லை வந்து சேர்கிறது. எரிபொருள் சிலிண்டரில் தேங்கி, பிளக் நனைந்து, எஞ்சின் கிளம்ப மறுக்கிறது. அதோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். வற்புறுத்திக் கிளப்ப முயன்றால் எஞ்சினே உடைந்து போகவும் கூடும்.

இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். இவ்வெஞ்சின்களிற் பெரும்பாலானவை க்ளோ பிளக் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். மெத்தனாலும் எண்ணெயும் கலந்த எரிபொருள் முதலில் கிராங்க் கேஸினுள் புகுந்து, அங்கிருந்து பக்கவழியாகச் சிலிண்டரை அடைகிறது. எஞ்சின் நிமிர்ந்திருந்தால், மிகுதியாகப் புகுந்த திரவம் கிராங்க் கேஸின் அடியிலேயே தங்கிவிடும். பிளக் உச்சியில் உலர்ந்திருக்கும். தலைகீழான எஞ்சினில் கிராங்க் கேஸ் மேலே, பிளக் எல்லாவற்றுக்கும் அடியில். எஞ்சினுக்குள் வந்த ஒவ்வொரு துளியும் வழி கிடைத்தவுடன் பிளக்கை நோக்கியே இறங்குகிறது. பிளக்கின் மெல்லிய கம்பிச்சுருள் ஈரத்தில் மூழ்கிக் குளிர்ந்துவிட்டால், மின்சாரம் பாய்ந்தாலும் அது செந்தணலாவதில்லை.

இதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கேட்கலாம். 5 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஒன்றின் சுருக்க விகிதம் 10 என்று கொள்வோம். பிஸ்டன் உச்சத்துக்குச் சென்ற நிலையில் சிலிண்டர் தலையில் எஞ்சும் இடம் அரைக் கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; அதாவது ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அந்த இடத்தைத் திரவம் நிரப்பிவிட்டால் பிஸ்டனுக்கு மேற்கொண்டு செல்ல வழியில்லை. காற்று சுருங்கும், திரவம் சுருங்குவதில்லை. விரலால் புரொப்பெல்லரைச் சுழற்றுகிறவனுக்கு இந்தத் தடை உடனே தெரிந்துவிடும். மின்சார ஸ்டார்ட்டருக்கோ அது தெரியாது. அது தன் முழுவலிமையோடும் சுழற்ற, நடுவில் அகப்பட்ட கனெக்டிங் ராடு வளைகிறது. பல மாதம் பணம் சேர்த்து எஞ்சின் வாங்கும் மாணவனுக்கு இது சிறிய இழப்பன்று.

தேங்குதலுக்கு முதற்காரணம் பெரும்பாலும் எரிபொருள் தொட்டியின் உயரமே. எஞ்சினைத் தலைகீழாக்கும்போது, சுழல்தண்டுக்கு மேலே இருந்த கார்புரேட்டர் கீழே இறங்கிவிடுகிறது. தொட்டியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவைத்தால் அது கார்புரேட்டருக்கு மேலாக நிற்கும். குழாயில் ஒருமுறை எரிபொருள் நிறைந்துவிட்டால் போதும். நாம் கை வைக்காமலே அது சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே தொட்டியையும் தாழ்த்த வேண்டும். விமானம் சக்கரங்களின்மேல் நிற்கையில் தொட்டியின் நடுமட்டம், ஊசி வால்வு செருகியிருக்கும் எரிபொருள் தூம்பின் மட்டத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை கீழே இருப்பது நலம். அதற்கும் மிகுதியாகத் தாழ்த்தினால், மூக்கை உயர்த்தி ஏறும்போது எரிபொருள் போதாமல் எஞ்சின் நின்றுவிடக்கூடும்.

இவ்வாறு தாழ்த்தியும் முழுப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. 40 மில்லிமீட்டர் உயரமுள்ள தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் மேல்மட்டம் நடுமட்டத்துக்கு 20 மில்லிமீட்டர் மேலே நிற்கும். ஆகவே கார்புரேட்டருக்கும் மேலேதான். எனவே குழாயை நெரித்து மூடும் சிறு கவ்வி ஒன்று அவசியம். தொட்டியை நிரப்புமுன் கவ்வியைப் போட்டு, கிளப்பும் கணம் வரை அதை எடுக்கலாகாது. புரொப்பெல்லருக்கு அருகே கை போக வேண்டாத இடத்தில் கவ்வி அமைந்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

இனி, கிளப்பும் முறை. நிமிர்ந்த எஞ்சினுக்குச் செய்வதுபோலப் புகைவழியில் நாலைந்து துளி விட்டுச் சுழற்றுவது தலைகீழ் எஞ்சினுக்கு ஆகாது. விமானத்தையே மல்லாக்கப் படுக்கவைத்துவிடுவது நல்லது. அப்போது எஞ்சின் நிமிர்ந்து, பிளக் உச்சிக்கு வந்துவிடுகிறது. மெத்தென்ற தாங்கி ஒன்றில் விமானத்தைக் கிடத்தி, கவ்வி மூடியிருக்கவே புகைவழியில் இரண்டு மூன்று துளி விட்டு, பிளக்குக்கு மின்சாரம் தராமல் புரொப்பெல்லரைக் கையால் மெல்லச் சில சுற்றுகள் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுற்றினால் மின்சாரம் தந்து, கவ்வியை விடுவித்து, உடனே சுண்டலாம். மல்லாந்த நிலையில் தொட்டி கார்புரேட்டருக்கு மேலே வந்துவிடுவதால் இங்கே தாமதம் கூடாது. எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியபின் ஒருவர் விமானத்தை உறுதியாகப் பிடித்து, புரொப்பெல்லரின் வட்டத்துக்கு விலகி நின்று, அதைத் திருப்பிச் சக்கரங்களின்மேல் நிறுத்தலாம். ஓடுகிற எஞ்சின் வருகிற எரிபொருளை அவ்வப்போதே எரித்துவிடுவதால் தேங்கும் அச்சமில்லை. இவ்வேலைக்கு இருவர் வேண்டும்; தனி ஆளாகச் செய்வதை நாம் ஆதரிக்கவில்லை.

மெல்லச் சுற்றும்போது கல்லில் முட்டியது போலத் தடை தென்பட்டால் மேலும் வற்புறுத்தலாகாது. குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, பிளக்கின் துளை கீழ்நோக்க விமானத்தை நிறுத்தி, புரொப்பெல்லரைச் சில முறை சுற்றினால் தேங்கியது வெளியே பீச்சிவிடும். முகம் அதன் எதிரே இருக்கலாகாது. மெத்தனால் நஞ்சு, உள்ளே சென்றால் பார்வையைப் பறிக்க வல்லது. பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலையும் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. சிந்தியதைத் துடைத்து உலர்த்தாமல் பிளக்குக்கு மின்சாரம் தருவது அறிவுடைமையன்று.

பெரிய விமானங்களுக்கும் இந்த அச்சம் உண்டு. கீழ்நோக்கிய சிலிண்டர்களில் அவற்றுக்கு வடிந்து தேங்குவது பெரும்பாலும் எண்ணெய். அதனால்தான் நெடுநேரம் நின்ற எஞ்சினைக் கிளப்புமுன் சுவிட்சுகளை மூடிவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது.

மெதுவாக ஓடும் வேளையில் எஞ்சின் அடிக்கடி அணைந்தால் அதற்குக் காரணம் வேறு. தாழ்ந்த வேகத்தில் கலவை கனமாக இருந்தால் எரியாத திரவம் பிளக்கின் மேல் படிகிறது. மெதுவோட்டத் திருகைச் சிறிது திருப்பிக் கலவையை மெலிதாக்கலாம். சற்றுச் சூடான வகைப் பிளக்கையும் போட்டுப் பார்க்கலாம். விமானத்திலேயே சிறு மின்கலம் வைத்து, வேகம் குறையும்போது பிளக்குக்கு மின்சாரம் தரும் ஏற்பாடும் உண்டு. அது எடையைக் கூட்டும். சிறிய மாதிரிகளுக்கு ஏற்றதன்று.

ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஓடும் சிறு டீசல் எஞ்சின்களுக்குப் பிளக் இல்லை. ஆனால் தேங்குதல் உண்டு. அவற்றில் அழுத்தத் திருகை முதலில் தளர்த்திக்கொண்டே சுற்றிப் பார்க்க வேண்டும்.

பறந்து இறங்கியபின் குழாயை நெரித்து, எஞ்சினுக்குள் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்ல பழக்கம். பிறகு தொட்டியைக் காலி செய்து, பிஸ்டன் பக்கவழியை அடைத்து நிற்குமாறு புரொப்பெல்லரைத் திருப்பிவைத்தால், கிராங்க் கேஸில் எஞ்சிய எண்ணெய் பிளக்கின் பக்கம் இறங்காது. வீட்டில் வைக்கும்போது இடம் இருந்தால் விமானத்தை மல்லாக்கவே வைக்கலாம்.