ஒரு சின்ன ஊர், 200-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி: ஆஸ்டினில் நடந்தது என்ன?

போதை ஊசி போடுகிறவருக்கு எச்.ஐ.வி வந்தால், ‘அவங்க பண்ண தப்பு, அனுபவிக்கிறாங்க’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவதுதான் வழக்கம். ஆனால், ஒரே பழக்கம் உள்ள இருவரில் ஒருவருக்குத் தொற்று வருவதும் இன்னொருவர் தப்பிப்பதும், அவர்கள் எந்த ஊரில், எந்தத் தெருவில் வசிக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருக்கும் ஆஸ்டின் இதற்குச் சரியான உதாரணம். இது டெக்சாஸில் உள்ள பெருநகரம் இல்லை. சுமார் 4,200 பேர் வாழும் சின்ன ஊர்.

எவ்வளவு பேருக்கு?

ஆஸ்டின் இருக்கும் ஸ்காட் கவுன்ட்டியில், 2004 முதல் 2013 வரை பத்து ஆண்டுகளில் பதிவான எச்.ஐ.வி தொற்று மொத்தமே 5. ஆனால், 2014 நவம்பரில் தொடங்கி ஒரே வருஷத்தில் 181 பேருக்குத் தொற்று உறுதியானது. பிறகு அது 200-ஐயும் தாண்டியது.

ஏன் இந்த வேகம்?

ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். அந்த போதை சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் சிலர் ஒரு நாளைக்கு 4 முதல் 15 முறை வரை போட்டுக்கொண்டார்கள். மாத்திரையைப் பங்கு போட்டபோது ஊசியும் கைமாறியது. சில வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே ஊசியைப் பயன்படுத்தினார்கள். ஊசியில் மிஞ்சியிருக்கும் துளி ரத்தமே வைரஸ் பரவப் போதும்.

இதில் ஊருக்கு என்ன பங்கு?

இங்கதான் விஷயமே இருக்கு. கவுன்ட்டி மக்களில் 19% பேர் வறுமையில் இருந்தார்கள். ஆஸ்டினில் இருந்தது ஒரே ஒரு டாக்டர். கவுன்ட்டியில் எச்.ஐ.வி பரிசோதனை செய்துவந்த கிளினிக் 2013-ல் மூடப்பட்டது. பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் மையங்களை மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதாவது, சுத்தமான ஊசி வேண்டும் என்று நினைத்தாலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. தொற்று இருப்பதைத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

இது புதுசும் இல்லை. 1980-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஊசி கிடைப்பது கடினமானது. போலீஸும் கெடுபிடி காட்டியது. அங்கே ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் பரிசோதிக்கப்பட்ட போதை ஊசி பழக்கம் உள்ள 164 பேரில் 51% பேருக்குத் தொற்று இருப்பது 1986-ல் தெரியவந்தது. சுமார் 70 கி.மீ தொலைவில் இருக்கும் கிளாஸ்கோவில் அந்த அளவுக்குப் பரவவில்லை.

எப்படிக் கட்டுப்பட்டது?

2015 மார்ச் 26-ல் அப்போதைய ஆளுநர் மைக் பென்ஸ் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தார். ஊசி மாற்று மையங்களை ஆதரிக்காதவர் அவர். ஆனாலும் தற்காலிக அனுமதி கொடுத்தார். ஏப்ரலில் மையம் திறந்தது. பரிசோதனை, இன்ஷூரன்ஸ் பதிவு, பிறப்புச் சான்றிதழ் உதவி என எல்லாமே உள்ளூரிலேயே ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. புதிய தொற்றுகள் குறைந்தன.

2013-ன் தொடக்கத்திலேயே நடவடிக்கை எடுத்திருந்தால், தொற்று 56 பேரைத் தாண்டியிருக்காது என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் கணக்கிட்டார்கள்.

ஊசி கொடுத்தா போதை கூடாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஊசி மாற்றுத் திட்டங்களால் போதைப் பழக்கம் அதிகரித்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. ‘இது போதையை ஊக்குவிக்கிறது’ என்ற வாதம் ஸ்காட் கவுன்ட்டியிலும் எழுந்தது. 2021 ஜூனில் கவுன்ட்டி ஆணையர்கள் 2-க்கு 1 என்ற வாக்கில் திட்டத்தை முடித்துவைக்க முடிவெடுத்தார்கள்.

அங்கே இன்றும் ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் காசும் காரும் இல்லாதவருக்கு, புது ஊசிக்காகப் பக்கத்து கவுன்ட்டிக்குப் போவதே பெரிய தூரம்தான்.