கிருமி கொல்லும் இருக்கைத் துணி: எந்த அளவுக்கு நம்பலாம்?

மருத்துவமனைகளுக்கு நாற்காலியும் பெஞ்சும் வாங்கித் தருவது, பெற்றோர் நினைவாக நம்மவர் பலர் செய்துவரும் நற்பணி. அப்படி வாங்கப் போகிறவர்களிடம் இப்போது விற்பனையாளர்கள் இரண்டு விலைகளைச் சொல்கிறார்கள். ஒன்று சாதாரண ரெக்ஸின் உறைக்கு. மற்றொன்று 'கிருமி எதிர்ப்பு' உறைக்கு, கூடுதல் விலை. பூச்சுத் துணி ஆலையொன்றின் தரச் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், "இந்தக் கூடுதல் பணத்தால் நோயாளிக்கு நன்மை உண்டா?" என்று சங்க அன்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி சிறியதன்று. மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் வருகிறார்கள். ஊரிலிருந்து வந்த உறவினருக்குத் துணையாக நம்மில் பலரும் இத்தகைய மருத்துவமனைகளில் காத்திருந்திருப்போம். கீமோதெரபி பெறுவோருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்து, எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கும். நம்மை ஒன்றும் செய்யாத கிருமி அவர்களைப் படுக்கையில் தள்ளிவிடக் கூடும். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அமரும் இடத்தில் இது கவலைக்குரியதே.

துணியில் கிருமி எத்தனை நாள் பிழைத்திருக்கும்? அமெரிக்காவில் நீலி, மேலி என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பருத்தி, பருத்தி-பாலியெஸ்டர் கலப்பு, பாலியெஸ்டர் திரைச்சீலை, பிளாஸ்டிக் ஆகியவற்றின் மேல் ஸ்டெஃபைலோகாக்கஸ், என்டெரோகாக்கஸ் என்னும் பாக்டீரியாக்களை இட்டுப் பார்த்தார்கள். எல்லாமே குறைந்தது ஒரு நாளாவது உயிரோடிருந்தன. சில 90 நாட்களையும் தாண்டின. ஆகவே 'கிருமி எதிர்ப்பு' என்ற எண்ணம் தோன்றியதில் வியப்பில்லை.

துணிக்குள் இருப்பது என்ன?

நாம் ரெக்ஸின் என்று சொல்வது, பின்னல் துணியின் மேல் பி.வி.சி. பிளாஸ்டிக்கைப் பூசிய பொருள். பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற இளக்கும் பொருள் ஒன்றைச் சேர்ப்பார்கள். பூஞ்சைக்கு அது நல்ல உணவு. மும்பை மழைக்காலத்தில் பழைய ரெக்ஸின் மேல் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் படர்வது இதனால்தான். பூஞ்சையைத் தடுக்க மருந்து கலப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். பின்னர் வெள்ளி, துத்தநாகம் போன்ற உலோகங்களின் அயனிகளும் வந்து சேர்ந்தன. இந்த அயனிகள் பாக்டீரியாவின் உறையையும் அதன் நொதிகளையும் தாக்குகின்றன. இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அயனி வெளிவந்து கிருமியை அடைய ஈரம் வேண்டும், நேரமும் வேண்டும். விற்பனையாளர் காட்டும் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 22196 என்ற எண் இருந்தால், சோதனை நடந்த விதம் இதுதான்: கிருமிக் கரைசலை மாதிரியின் மேல் இட்டு, மெல்லிய படலத்தால் மூடி, 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல், 24 மணி நேரம் வைத்திருப்பார்கள். காத்திருப்போர் கூடத்து நாற்காலி அப்படியா இருக்கிறது? அது உலர்ந்திருக்கிறது, சில நிமிடங்களுக்கு ஒருவர் அதைத் தொடுகிறார். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தூசியும் படலமாகப் படிந்துவிட்டால், அதன் மேல் இருக்கும் கிருமியை அடியில் உள்ள மருந்து எட்டாது.

'99 விழுக்காடு அழிக்கும்' என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து லட்சம் கிருமிகளில் 99 விழுக்காடு போனாலும் பத்தாயிரம் மிச்சம்.

பிறர் என்ன முடிவு செய்தார்கள்?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி, இத்தகைய மருந்து கலந்த பொருளை விற்பவர், மருந்து அந்தப் பொருளையே கெடாமல் காக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம். மனிதரை நோயிலிருந்து காக்கும் என்று சொல்வதானால், சான்று காட்டித் தனியே பதிவு செய்ய வேண்டும். கைசர் பெர்மனென்டே என்ற பெரிய அமெரிக்க மருத்துவமனைக் குழுமம், 15 கிருமி எதிர்ப்பு வேதிப்பொருள்கள் சேர்ந்த துணிகளையும் மேசை நாற்காலிகளையும் இனி வாங்குவதில்லை என 2015-இல் அறிவித்தது. நோய்த்தொற்றை அவை தடுப்பதற்குச் சான்று இல்லை, தீங்கு நேரவும் கூடும் என்பதே காரணம். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டி, அபாயம் மிகுந்த சிகிச்சைப் பகுதிகளில் துணி உறையிட்ட மெத்தை இருக்கைகளையே தவிர்க்கச் சொல்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது?

ஈரத்துணியால் முழுவதும் துடைக்கக் கூடியதாக இருக்கை இருக்க வேண்டும். தையல்கள் குறைவாக இருப்பது நல்லது. ஊசித் துளை வழியே நீர் உள்ளே இறங்கும். பெருங்கூட்டம் வரும் வெளிநோயாளர் கூடத்துக்கு மெத்தையில்லாத எஃகு பெஞ்சே போதும். முதியோரும் நெடுநேரம் அமர வேண்டியவரும் வரும் இடத்துக்கு மெத்தை தேவைதான். அங்கே மருத்துவமனையார் எந்த மருந்தால் துடைக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அதைத் தாங்கும் உறையை வாங்க வேண்டும். பிளீச்சிங் கரைசலும் ஸ்பிரிட்டும் தாங்காத உறை நாளடைவில் விறைத்து வெடிக்கும். வெடிப்பின் வழியே இரத்தமும் சிறுநீரும் ஃபோமுக்குள் இறங்கிவிட்டால், பிறகு எந்தத் துடைப்பாலும் பயனில்லை.

கிருமி எதிர்ப்பு உறை கெடுதல் என்று நான் சொல்லவில்லை. பூஞ்சையும் துர்நாற்றமும் வராமல் அது காக்கும். 'மருந்துத் துணிதானே' என்று துடைப்பதைக் குறைத்துவிட்டால்தான் ஆபத்து. ஆகவே அந்தக் கூடுதல் விலையைத் துணிக்குக் கொடுக்காமல், நன்கொடையோடு சேர்த்து மருத்துவமனையிடமே கொடுத்துவிடுங்கள். "உறை கிழிந்ததும் புது உறை போட இந்தப் பணம்" என்று எழுதியும் கொடுங்கள். பெற்றோர் பெயர் பொறித்த இருக்கை பல ஆண்டுகள் தூய்மையாக நிற்க அதுவே வழி.